ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லாமல் ஒரு புரோகிராம்: ஓட்டுப் பெட்டி சொல்லித் தரும் பாடம்

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



தேர்தல் நாளன்று பொம்மிடியில் எந்த வாக்குச்சாவடிக்குப் போனாலும் அந்தப் பெட்டி இருக்கும். அலுவலர் ஒரு பட்டனை அழுத்துவார். நாம் மறைப்புக்குள் போய் நீலப் பட்டனை அழுத்துவோம். சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ஒரு 'பீப்' கேட்கும். வெளியே வந்துவிடுவோம். அந்தப் பெட்டிக்குள் ஓடுவது எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று கேட்டால் பதில் சுலபம்: எதுவும் கிடையாது. 2009-ல் இயந்திரத்தைப் பற்றிச் சர்ச்சை எழுந்தபோது தேர்தல் ஆணையமே இதைத்தான் சொன்னது. வெளிநாடுகளில் பயன்படுபவை பெரும்பாலும் ஓ.எஸ். மேல் ஓடும் கம்ப்யூட்டர் வகை. நம்முடையது எந்த நெட்வொர்க்கிலும் சேராத தனி இயந்திரம் என்று விளக்கம் கொடுத்தது.

இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், "எம்பெடட் வேலைக்குப் போகணும்னா லினக்ஸ் தெரியணும்டா, பெரிய போர்டு வாங்கணும்டா" என்று நம் ஹாஸ்டலில் ஒரு பேச்சு உண்டு. லேப்பில் இருக்கும் 8051 கிட்டை ரெக்கார்டு நோட்டு எழுதுவதற்கு மட்டும் உள்ள சாமான் மாதிரி பார்க்கிறோம். ஒரு நாட்டின் தேர்தலையே தாங்குகிற இயந்திரம் அந்த கிட்டின் ஜாதியைச் சேர்ந்ததுதான். 2010-ல் ஒரு ஆராய்ச்சிக் குழு கண்ட்ரோல் யூனிட் ஒன்றைத் திறந்து பார்த்து எழுதியது. உள்ளே இருந்தது ரெனசாஸ் எச்8 வகை மைக்ரோ கண்ட்ரோலர். ஓடிய வேகம் 9 மெகா ஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவு. நம் கிட்டில் இருப்பது 11 அல்லது 12!

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஹைதராபாத் இ.சி.ஐ.எல்.லும் இதைச் செய்கின்றன. நாம் கதைகளில் படித்த சுஜாதா, அதாவது எஸ். ரங்கராஜன், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இந்த இயந்திரப் பணியில் முன்னின்றவர். முதன்முதலில் 1982 மே மாதம் கேரளத்தில் பரவூர் தொகுதியின் 50 சாவடிகளில் வைத்தார்கள். சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984-ல் உச்ச நீதிமன்றம், இயந்திரத்தில் ஓட்டுப் போடச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி, அந்த 50 சாவடிகளிலும் காகிதச் சீட்டில் மறுபடி வாக்கெடுக்க வைத்தது. மறு வாக்கெடுப்பில் ஜோஸ் ஜெயித்தார்! சர்க்யூட் சரியாக இருந்தும் சட்டத்தில் ஒரு வரி இல்லாததால் பெட்டி மூலைக்குப் போயிற்று. 1988 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளுக்கும் இயந்திரம் வந்தது. 2004-ல் நாடு முழுக்க.

அந்த இயந்திரத்துக்குள் எழுதியிருக்கும் புரோகிராம் வெளியிடப்பட்டதில்லை. ஆனால் அது வெளியே எப்படி நடந்துகொள்கிறது என்பது ஊரறிந்த விஷயம். அந்த நடத்தையை மட்டும் வைத்து நம் லேப் சாமான்களில் ஒரு குட்டி இயந்திரத்தை எழுதிப் பார்ப்போம். ஏ.டி.89எஸ்52 சிப், 24சி02 ஈஈப்ராம், ஒன்பது புஷ் பட்டன், ஒரு பஸ்ஸர், 16க்கு 2 எல்.சி.டி. இது போதும். ஓ.எஸ். இல்லையென்றால் என்னென்ன வேலை நம் தலையில் விழுகிறது என்பது எழுதும்போதே தெரிந்துவிடும்.

மெயினுக்கு முன்னால்

கம்ப்யூட்டரில் சி புரோகிராம் எழுதும்போது மெயின் என்பதுதான் ஆரம்பம் என்று நினைக்கிறோம். அங்கே ஓ.எஸ். நமக்கு முன்பே எழுந்து, புரோகிராமை டிஸ்க்கிலிருந்து எடுத்து, நினைவகத்தில் இடம் ஒதுக்கி, ஸ்டாக்கைத் தயார் செய்துவிட்டு, அப்புறம்தான் மெயினைக் கூப்பிடுகிறது. கல்யாண மண்டபத்தில் பந்தி போட்டு இலையும் விரித்த பிறகு போய் உட்காருவது மாதிரி. 8051-ல் மண்டபமே நாம்தான் கட்ட வேண்டும்.

மின்சாரம் வந்ததும் சிப்புக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: 0000எச் முகவரியில் இருப்பதை எடுத்துச் செய். அதற்கு அடுத்து 0003எச்-ல் முதல் வெளி இன்டரப்ட், 000பிஎச்-ல் டைமர் 0 என்று வரிசையாக இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே 0000எச்-ல் மூன்று பைட் தாவல் ஒன்றைத்தான் வைக்க முடியும். அங்கிருந்து நம் புரோகிராமுக்குத் தாவ வேண்டும். வைவாவில் கேட்பார்கள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீசெட் ஆனதும் ஸ்டாக் பாயின்டரில் 07எச் இருக்கும். முதல் தடவை புஷ் செய்தால் 08எச்-ல் போய் விழும். அதுதான் ரெஜிஸ்டர் பேங்க் 1 தொடங்கும் இடம். இன்டரப்டில் பேங்க் 1-ஐப் பயன்படுத்துகிறவர்கள் ஸ்டாக்கை நகர்த்தாமல் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். புரோகிராம் பத்து நிமிஷம் நன்றாக ஓடி, பதினோராவது நிமிஷம் பைத்தியம் பிடிக்கும். யாரும் எச்சரிக்க மாட்டார்கள். எச்சரிப்பதற்கு அங்கே ஆளே இல்லை!

சி-யில் எழுதினால் இந்த வேலையை ஸ்டார்ட்-அப் என்ற சின்ன அசெம்பிளி ஃபைல் செய்கிறது. நாம் ஒரு குளோபல் மாறிக்கு 5 என்று மதிப்புக் கொடுத்தால், அந்த 5 ராமில் எப்படி வந்தது? மின்சாரம் போனால் ராம் அழிந்துவிடுமே! 5 உண்மையில் ராமில் இல்லை, ராமுக்கு வெளியே ராம் எனும் ரோமில் இருக்கிறது என்று குழப்பாமல் சொன்னால்: மதிப்பு ரோமில் எழுதப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு முறை எழும்போதும் ஸ்டார்ட்-அப் அதை எடுத்து ராமில் வைக்கிறது. அந்த ஃபைலை ஒரு தடவை திறந்து வரி வரியாகப் படியுங்கள். ஒரு செமஸ்டர் பாடம் அதில் இருக்கிறது.

இன்னொரு சங்கதி. ரீசெட் ஆனதும் நான்கு போர்ட்டுகளிலும் எல்லா பின்னும் 1 ஆகிவிடும். 1 வந்தால் ரிலே இழுக்கும்படி சர்க்யூட் போட்டிருந்தால், நம் முதல் வரி ஓடுவதற்கு முன்பே ரிலே 'டக்' என்று ஒரு தரம் இழுக்கும். நம் பக்கத்தில் போர்வெல் மோட்டாருக்கு கண்ட்ரோலர் செய்வதை பிராஜெக்டாக எடுப்பவர்கள் நிறைய. கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் ஒவ்வொரு முறையும் மோட்டார் ஒரு உதை உதைக்கும். 0 வந்தால் இழுக்கும்படி சர்க்யூட்டை மாற்றுவதுதான் மருந்து. புரோகிராமில் இதற்கு மருந்தில்லை.

மெயினுக்குப் பின்னால்

கம்ப்யூட்டரில் மெயின் முடிந்தால் கட்டுப்பாடு ஓ.எஸ்.ஸிடம் திரும்பும். இங்கே திரும்ப வீடு கிடையாது. சில கம்பைலர்கள் அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கும்படி செய்யும். சிலவற்றில் ஸ்டாக்கில் கிடக்கும் ஏதோ ஒரு எண்ணை முகவரி என்று நம்பி எங்கேயோ தாவிவிடும். ஆகவே நம் மெயின் முடியவே கூடாது. எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு ஒரு முடிவில்லாத சுற்றில் இறங்க வேண்டும்.

ஆர்டுயினோ வைத்திருக்கும் தம்பிகள், "எங்களுடையதில் செட்டப், லூப் என்று இரண்டு இருக்கிறதே, அது ஓ.எஸ்.ஸா?" என்று கேட்கிறார்கள். இல்லை. மெயினை அவர்கள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் செட்டப்பை ஒரு முறை கூப்பிட்டு, லூப்பை ஓயாமல் கூப்பிடுகிற சுற்றுதான் இருக்கிறது. நீங்களும் ஓ.எஸ். இல்லாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

நேரத்தை யார் சொல்வது?

டிலே லூப்பில் நேரம் ஓட்டுவது நம் பாடப் புத்தகத்து வழக்கம். எல்.இ.டி. மினுக்க அது போதும். நம் இயந்திரத்துக்கு உதவாது. பஸ்ஸர் ஒரு வினாடி ஊத வேண்டும் என்று டிலேயில் உட்கார்ந்தால் அந்த ஒரு வினாடி பட்டன் எதையும் பார்க்க ஆளில்லை.

12 மெகா ஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஒரு மெஷின் சைக்கிள் 1 மைக்ரோ வினாடி. டைமர் 0-ஐ 16 பிட் முறையில் வைத்து 3சிபி0எச் (15536) போட்டால், 50,000 எண்ணி 50 மில்லி வினாடிக்கு ஒரு தரம் இன்டரப்ட் தரும். 20 தரம் வந்தால் 1 வினாடி. திரும்ப எண்ணை ஏற்றுவதற்குள் சில மைக்ரோ வினாடி நழுவும். சுவர்க் கடிகாரத்துக்கு அது பிழை, பஸ்ஸருக்குக் கவலையில்லை. பஸ்ஸரை ஆன் செய்துவிட்டு '20' என்று ஒரு எண்ணை எழுதிவிட்டு மெயின் தன் சுற்றைத் தொடரலாம். இன்டரப்ட் ஒவ்வொன்றாகக் குறைத்து, 0 ஆனதும் பஸ்ஸரை நிறுத்தும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 20 என்பது ஒரு பைட், ஆபத்தில்லை. வினாடிக் கணக்கை இரண்டு பைட்டில் வைத்தால்? நம்முடையது 8 பிட் சிப். மெயின் முதலில் மேல் பைட்டைப் படிக்கிறது: 00. அடுத்ததைப் படிப்பதற்குள் இன்டரப்ட் வந்து 00எஃப்எஃப் என்பதை 0100 ஆக்கிவிடுகிறது. மெயின் கீழ் பைட்டைப் படிக்கிறது: 00. கிடைத்த விடை 0000! 255-ம் இல்லை, 256-ம் இல்லை. படிக்கும் அந்தச் சில மைக்ரோ வினாடி மட்டும் இன்டரப்டை அடைத்துவிட்டுத் திறக்க வேண்டும். இந்தப் பூச்சியை மறுபடி ஒரு இடத்தில் சந்திக்கப் போகிறோம்.

முப்பது கட்டம்

இனிதான் நெஞ்சுப் பகுதி. கீபோர்டு முன் உட்காருவதற்கு முன்பு ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இயந்திரம் இருக்கக்கூடிய நிலைகள் ஐந்து: காத்திருப்பு, ஓட்டுக்குத் திறப்பு, பதிவு, மூடியது, முடிவு காட்டியது. வரக்கூடிய அழுத்தங்கள் ஆறு: வேட்பாளர் பட்டன் (நான்கையும் ஒன்றாக வைத்துக்கொள்வோம்), பேலட், டோட்டல், குளோஸ், ரிசல்ட், கிளியர். ஐயாறு முப்பது கட்டம். ஒவ்வொன்றிலும் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

பாதிக்கு மேல் 'ஒன்றும் செய்யாதே' என்றுதான் வரும். காத்திருப்பில் வேட்பாளர் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் கிடையாது. திறந்த நிலையில் ரிசல்ட்டை அழுத்தினால் ஒன்றும் கிடையாது. டோட்டல் எத்தனை ஓட்டு விழுந்தது என்று மட்டும் காட்டும், யாருக்கு என்று காட்டாது. குளோஸ் ஆன பிறகு பேலட் செத்த பட்டன். நிஜ இயந்திரத்தில் மாதிரி வாக்குப்பதிவு முடிந்ததும் அலுவலர்கள் குளோஸ், ரிசல்ட், கிளியர் என்ற வரிசையில் அழுத்தி எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவது இதற்காகத்தான். தேர்தல் பணிக்குப் போகும் வாத்தியார்களிடம் கேளுங்கள், தூக்கத்தில் கூடச் சொல்வார்கள்.

சுவிட்ச் பவுன்ஸ் என்று படித்திருக்கிறோம். பட்டனை ஒரு தரம் அழுத்தினால் உள்ளே இருக்கும் தகடு துள்ளி, சில மில்லி வினாடிகளில் பல தரம் அழுத்தியது போலக் காட்டும். 20 மில்லி வினாடி காத்திருந்து மறுபடி பார் என்பது புத்தக மருந்து. அதையும் வையுங்கள். ஆனால் நம் கட்டத்தைப் பாருங்கள்: முதல் தொடுதலிலேயே நிலை 'பதிவு' என்று மாறிவிடுகிறது. அதன் பிறகு பட்டன் ஆயிரம் தரம் துள்ளினாலும் 'ஒன்றும் செய்யாதே' கட்டத்தில்தான் விழும். ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற விதியைக் காப்பாற்றுவது டிலே இல்லை, நிலைதான். என் கருத்தில் ஓ.எஸ். இல்லாத புரோகிராமில் முக்கால்வாசி வேலை இந்தத் தாளில் முடிந்துவிடுகிறது. சி-யில் இது ஒரு சுவிட்ச்-கேஸ், அவ்வளவே.

கரண்ட் போனால்?

நிஜ இயந்திரம் பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரியைக் கழற்றினாலும் விழுந்த ஓட்டு உள்ளேயே இருக்கும். நம்முடையதை 24சி02-ல் எழுதுவோம். அது ஒரு பைட்டையோ, 8 பைட் பக்கத்தையோ எழுதி முடிக்க சுமார் 5 மில்லி வினாடி எடுக்கும். அந்த 5 மில்லி வினாடிக்குள் கரண்ட் போனால்?

இரண்டு பைட் எண்ணிக்கை, 255 ஓட்டு விழுந்திருக்கிறது, அதாவது 00எஃப்எஃப். அடுத்த ஓட்டுக்கு 0100 எழுத வேண்டும். கீழ் பைட்டை முதலில் எழுதி அத்தோடு கரண்ட் போனால் உள்ளே இருப்பது 0000. ஒருவருடைய 255 ஓட்டும் போச்சு! மேல் பைட்டை முதலில் எழுதியிருந்தால் 01எஃப்எஃப், அதாவது 511. பழைய பூச்சிதான், வேறு சட்டையில். பரவூரில் 123 ஓட்டில் முடிவு மாறியதை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு வழி. ஈஈப்ராமில் ஏ, பி என்று இரண்டு தொகுதி ஒதுக்குங்கள். ஒவ்வொன்றிலும் வரிசை எண் 1 பைட், நிலை 1 பைட், நான்கு வேட்பாளருக்கு 8 பைட், மொத்தம் 2 பைட், கடைசியில் செக்சம் 1 பைட். ஆக 13 பைட். ஓட்டு விழுந்ததும் எது பழைய தொகுதியோ அதன் மேல் மட்டும் எழுத வேண்டும். புதியதைத் தொடவே கூடாது. எழுந்திருக்கும்போது இரண்டின் செக்சம்மையும் சரிபார்த்து, நல்லதாக இருப்பதில் வரிசை எண் புதியது எதுவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பாதி எழுதும்போது கரண்ட் போயிருந்தால் அந்தத் தொகுதி செக்சம்மில் மாட்டிக்கொள்ளும். மற்றது முந்தைய ஓட்டு வரை பத்திரமாக இருக்கும். செக்சம்மைப் பூஜ்யத்திலிருந்து கூட்டாதீர்கள். எல்லாமே பூஜ்யமாக இருக்கும் தொகுதியும் 'சரி' என்று வந்துவிடும். 5ஏஎச் மாதிரி ஒரு எண்ணிலிருந்து தொடங்கினால் முழுப் பூஜ்யமும், புதுச் சிப்பில் இருக்கும் முழு எஃப்எஃப்-ம் பிடிபடும்.

இரண்டுமே கெட்டிருந்தால்? புதுச் சிப் என்றால் பூஜ்யத்தில் தொடங்கலாம். மற்றபடி எல்.சி.டி.யில் 'எர்ரர்' என்று போட்டு நின்றுவிடட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இயந்திரம் தேவலை. பூஜ்யம் என்று பொய் சொல்வது ஆபத்து.

'பீப்' எப்போது? எழுதி முடித்து, திரும்பப் படித்துச் சரிபார்த்த பிறகு. முதலில் பீப், அப்புறம் எழுத்து என்று வைத்தால் வாக்காளர் திருப்தியாகப் போய்விடுவார், ஓட்டு காற்றில் போயிருக்கும். நம் வரிசையில் நடக்கக்கூடிய அதிகபட்ச விபத்து, ஓட்டு பதிவாகி பீப் மட்டும் கேட்காமல் போவது. அதை டோட்டல் பட்டன் காட்டிக் கொடுத்துவிடும்.

நிலை என்ற அந்த ஒரு பைட்டையும் ஏன் எழுதச் சொன்னேன் தெரியுமா? குளோஸ் செய்த பிறகு பேட்டரியைப் பிடுங்கிச் செருகினால், நிலையை எழுதாத இயந்திரம் 'காத்திருப்பு' என்று எழுந்திருக்கும். சாவடி மூடிய பிறகும் ஓட்டுப் போடலாம்! ஓட்டுக்குத் திறந்திருந்தபோது கரண்ட் போனால் என்ன செய்வது என்பதில் நண்பர்களுக்குள் சண்டையே வந்தது. திறந்தபடியே எழ வேண்டும் என்றார்கள் சிலர். காத்திருப்பில் எழுந்து, அலுவலர் மறுபடி பேலட்டை அழுத்தட்டும் என்பது என் கட்சி. மனிதன் ஒரு தரம் பார்த்துவிட்டுத் திறப்பது நல்லது.

காவல் நாய்

எங்காவது ஈஈப்ராம் பதிலுக்காகக் காத்திருந்து புரோகிராம் தொங்கிவிட்டால், டாஸ்க் மேனேஜர் கிடையாது. அதற்குத்தான் வாட்ச்டாக். பழைய 8051-ல் இல்லை; 89எஸ்52-ல் உண்டு. 1இஎச், பிறகு இ1எச் என்று இரண்டு எண்களை அதன் ரெஜிஸ்டரில் அவ்வப்போது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். 12 மெகா ஹெர்ட்ஸில் சுமார் 16 மில்லி வினாடி எழுதாமல் விட்டால் சிப்பை ரீசெட் செய்துவிடும். பலர் இதை டைமர் இன்டரப்டுக்குள் வைக்கிறார்கள். தவறு! மெயின் தொங்கினாலும் டைமர் ஓடிக்கொண்டே நாய்க்குச் சோறு போடும். அதுவும் நம் டைமர் வருவதோ 50 மில்லி வினாடிக்கு ஒரு தரம். மெயின் சுற்றில், ஒரே இடத்தில் வையுங்கள். ரீசெட் ஆனாலும் பயமில்லை, கரண்ட் போய் வந்ததற்குச் செய்த ஏற்பாடே இதற்கும் போதும்.

மாற்ற முடியாத புரோகிராம்

நிஜ இயந்திரத்தில் புரோகிராமை ஒரு முறை பதித்தால் பிறகு அழிக்க முடியாத சிப்பில் வைக்கிறார்கள். போனில் வருகிற மாதிரி அடுத்த வாரம் அப்டேட் அனுப்பித் திருத்த முடியாது. அதனால்தான் முப்பது கட்டத்தையும் முதலிலேயே நிரப்பச் சொல்கிறேன்.

புரோகிராமை மாற்ற முடியாது என்பதாலேயே பெட்டி பத்திரம் என்று சொல்லிவிட முடியுமா? முன்பு சொன்ன 2010 ஆராய்ச்சிக் குழு, புரோகிராமைத் தொடாமலேயே வேலையைக் காட்டியது. முடிவு காட்டும் டிஸ்ப்ளே பலகையை மாற்றி வைப்பது ஒரு வழி, ஓட்டு இருக்கும் ஈஈப்ராமின் மேல் ஒரு கிளிப்பைக் கவ்வ வைப்பது இன்னொரு வழி. இயந்திரம் கையில் கிடைத்தால்தான் இது நடக்கும்; சீல் வைத்துக் காவலில் இருக்கிறது என்பது ஆணையத்தின் பதில். இரண்டு பக்கமும் விஷயம் இருக்கிறது. 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வாக்காளர் கண்ணால் பார்க்கிற காகிதச் சீட்டு அவசியம் என்றது. இப்போது விவிபேட்டில் 7 வினாடி தெரிகிற சீட்டு அதுதான். 2024 ஏப்ரல் 26-ல் பழைய காகித ஓட்டுக்குத் திரும்பும் கோரிக்கையை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் தோற்ற வேட்பாளர் எழுதிக் கேட்டால், ஒரு பங்கு இயந்திரங்களில் பதித்த நினைவகத்தைச் சரிபார்க்க வழி செய்தது. நம் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு இதில் கவனிக்க வேண்டியது, சிப்புக்கும் டிஸ்ப்ளேக்கும் நடுவே ஓடும் ஒயரும் டிசைனில் சேர்த்தி என்பதுதான்.

சோதனை

செய்து முடித்தவர்கள் இப்படிச் சோதியுங்கள். ஒருவர் ஓட்டுப் போட்டுக்கொண்டே இருக்கட்டும். ஒருவர் தாளில் கோடு போட்டு எண்ணட்டும், பீப் கேட்டதையும் கேட்காததையும் தனித்தனியாக. மூன்றாமவர் முன்னறிவிப்பில்லாமல் அடாப்டரைப் பிடுங்கிச் செருகட்டும், ஐம்பது தடவையாவது. 255-ஐத் தாண்டும் இடத்தில் கூடுதலாகப் பிடுங்கச் சொல்லுங்கள். பீப் கேட்ட எண்ணிக்கையை விடப் பெட்டியின் எண்ணிக்கை குறையவே கூடாது. கூடினால், பிடுங்கியதால் பீப் கேட்காமல் போன ஓட்டுகளுக்குள் அது அடங்க வேண்டும். ஒரு பிடுங்கலுக்கு ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால், எந்தக் கட்டத்தில் இருந்தபோது பிடுங்கினீர்கள் என்று தாளைப் பார்த்துத் தேடுங்கள். சர்க்யூட், கட்டம் போட்ட தாள் இரண்டும் எங்கள் லேப் அலமாரியில் இருக்கின்றன. இரண்டாமாண்டு நண்பர்கள் கேட்டால் எடுத்துத் தருவோம்.